தடயவியல் வரலாறு – 14: பணிப்பெண்ணின் கை

சென்ற இதழில் பார்த்த மேரி லாஃபார்ஜ் வழக்கில் நீதிமன்றம் ஒரே ஒரு மனிதரின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. 1840இல் பாரிஸிலிருந்து நச்சியல் நிபுணர் ஓர்ஃபிலா வந்து இறங்கினார், சோதனையைச் செய்தார், ஆர்சனிக் இருக்கிறது என்றார். வழக்கு முடிந்தது. அவர் தவறியிருந்தால் கேட்க ஆளில்லை. அடுத்த 95 ஆண்டுகளில் தடயவியல் எவ்வளவு மாறியது என்பதைப் புரிந்துகொள்ள ஸ்காட்லாந்தின் மொஃபட் என்ற சிற்றூருக்குப் போக வேண்டும். அங்கே தொடங்கிய வழக்கில் எந்த நிபுணரும் 'நான் நிரூபித்துவிட்டேன்' என்று சொல்லவில்லை. ஆளுக்கொரு சிறு துண்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள், அவ்வளவுதான். கொலையாளி தூக்கு மேடை ஏறினார்.

1935 செப்டம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை. எடின்பரோவிலிருந்து ஓய்வுக்கு வந்திருந்த ஒரு பெண், மொஃபட்டுக்கு வடக்கே சுமார் இரண்டு மைல் தொலைவில் சாலைப் பாலத்தின் மேல் நின்று கீழே ஓடையைப் பார்த்தார். கார்டன்ஹோம் லின் என்று அந்த ஓடைக்குப் பெயர். ஆழமான பள்ளம், இரு கரையிலும் புதர். நீரோரம் கிடந்த ஒரு மூட்டையிலிருந்து மனிதக் கை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

காவலர்கள் பள்ளத்தில் இறங்கியபோது துணியிலும் செய்தித்தாளிலும் சுற்றிய மூட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடைத்தன. இரண்டு தலைகள் இருந்தன. பின்னர் சாலையோரங்களில் தனியாகக் கிடைத்த ஒரு பாதமும் ஒரு முன்கையும் சேர்ந்து, மொத்தம் 70 துண்டுகள். ஒரு உடலின் நடுப்பகுதி கடைசிவரை கிடைக்கவே இல்லை.

துண்டுகள் எடின்பரோ பல்கலைக்கழக உடற்கூறியல் துறைக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே கூடியவர்களின் பெயர்களைக் குறித்துக்கொள்ளலாம். கிளாஸ்கோவின் தடயவியல் மருத்துவப் பேராசிரியர் ஜான் கிளைஸ்டர். எடின்பரோவில் அதே பதவியில் இருந்த சிட்னி ஸ்மித். உடற்கூறியல் பேராசிரியர் ஜேம்ஸ் கூப்பர் பிராஷ். நோய்க்கூறியலுக்கு கில்பர்ட் மில்லர், பற்களுக்கு ஆர்தர் ஹட்சின்சன். இரண்டு பல்கலைக்கழகங்கள், நான்கு துறைகள். இப்படி ஒரு கூட்டம் ஒரு கொலை வழக்குக்காக ஒரே மேசையைச் சுற்றி நின்றது அன்றைக்கு அரிது.

முதல் வேலை, எது யாருடையது என்று பிரிப்பது. பிராஷ் இதில் கெட்டிக்காரர். தலையோடு ஒட்டியிருந்த கழுத்தெலும்புகளை, கிடைத்த ஒரே நடுவுடலின் கழுத்தெலும்புகளோடு பொருத்திப் பார்த்து, எக்ஸ்ரே எடுத்து, இரண்டாம் தலைதான் அந்த உடலுக்குரியது என்று முடிவுகட்டினார். மூட்டோடு மூட்டு, எலும்போடு எலும்பு சேர்த்து 'உடல் எண் 1', 'உடல் எண் 2' என்று இரண்டு வரிசைகள் உருவாயின. முதலில் ஒரு ஆண், ஒரு பெண் என்றுதான் நினைத்தார்கள், செய்தித்தாள்களும் அப்படியே எழுதின. வரிசைப்படுத்தி முடித்ததும் இரண்டும் பெண்கள் என்று தெரிந்தது. எண் 1க்கு ஞானப்பல் முளைத்திருக்கவில்லை. எலும்பு முனைகள் ஒட்டிய நிலையைப் பார்த்தால் வயது 20ஐ ஒட்டி இருக்கும். எண் 2 அதைவிட மூத்தவர், 35க்கும் 45க்கும் இடையே என்று மதிப்பிட்டார்கள்.

இன்னொன்றும் தெரிந்தது. உடல்களைப் பிரித்தவர் ரம்பத்தைத் தொடவே இல்லை. எல்லாம் கத்தி வேலை, எல்லாம் மூட்டுகளில். மூட்டு எங்கே எப்படித் திறக்கும் என்று அறிந்த கை அது.

எப்போது வீசப்பட்டன என்ற கேள்விக்கு விடை கிடைத்த விதம் எனக்கு இந்த வழக்கிலேயே மிகவும் பிடித்த பகுதி. அதற்கு மூன்று வெவ்வேறு இடங்களிலிருந்து விடை வந்தது.

முதலாவது செய்தித்தாள். மூட்டையைச் சுற்றியிருந்த தாள்களில் ஒன்று 'சண்டே கிராஃபிக்' 1935 செப்டம்பர் 15 தேதியிட்டது. எனவே 15க்கு முன்னால் அந்த மூட்டை கட்டப்பட்டிருக்க முடியாது. இரண்டாவது மழை. செப்டம்பர் 18, 19 தேதிகளில் பெய்த கனமழையில் ஓடை பெருக்கெடுத்து ஓடியது. சில துண்டுகள் ஓடையின் வழக்கமான மட்டத்துக்கு மேலே, வெள்ளம் ஒதுக்கிய இடத்தில் கிடந்தன. ஆகவே வெள்ளத்துக்கு முன்பே அவை பள்ளத்துக்கு வந்துவிட்டன.

மூன்றாவது புழுக்கள். கிளாஸ்கோவைச் சேர்ந்த அலெக்சாண்டர் மியர்ன்ஸ் என்பவரிடம் உடல்களில் இருந்த புழுக்களை அனுப்பிவைத்தார்கள். பிணத்தைத் தேடி வந்து முட்டையிடும் நீல ஈயின் புழுக்கள் அவை. முட்டையிலிருந்து வெளிவந்த புழு இரண்டு முறை தோலுரித்து மூன்று பருவங்களைக் கடக்கும், பிறகு கூட்டுப்புழுவாகும். ஒவ்வொரு பருவத்துக்கும் ஆகும் நாள் வெப்பநிலையைப் பொறுத்தது. அந்தச் செப்டம்பரின் ஸ்காட்லாந்துக் குளிரைக் கணக்கில் எடுத்து, முட்டையிடப்பட்டு 12 முதல் 14 நாள் ஆகியிருக்கும் என்றார் மியர்ன்ஸ். பிரான்ஸில் பெர்ழெரே 1855லேயே பூச்சிகளை வைத்துக் காலம் கணித்திருக்கிறார். மெனியன் 1894இல் பிணங்களை நாடும் உயிரினங்களைப் பற்றி ஒரு நூலே எழுதினார். ஆனால் பிரிட்டிஷ் கொலை வழக்கு ஒன்றில் புழு இவ்வளவு வெளிச்சத்துக்கு வந்தது இங்கேதான். அந்தப் புழுக்களில் சில இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் குப்பியில் இருக்கின்றன.

அச்சகம், மழை, ஈ. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்றும் செப்டம்பர் 15க்கும் 19க்கும் இடைப்பட்ட அதே நாலைந்து நாட்களைத்தான் காட்டின.

அந்தச் செய்தித்தாள் நாளை மட்டும் சொல்லிவிட்டு நிற்கவில்லை, ஊரையும் சொன்னது. நம் நாளிதழ்கள் மதுரைக்கு ஒரு பக்கம், நெல்லைக்கு ஒரு பக்கம் என்று மாற்றி அச்சிடுவதுபோல, சண்டே கிராஃபிக்கும் அந்த வாரம் ஒரு சிறப்புப் பதிப்பு போட்டிருந்தது. மோர்க்கம் என்ற கடற்கரை ஊரின் திருவிழா அழகிக்கு முடிசூட்டிய படங்கள் அதில் இருந்தன. அந்தப் பக்கம் வடமேற்கு இங்கிலாந்தில் மோர்க்கம், லாங்கஸ்டர் வட்டாரத்துக்கு மட்டுமே போனது. அதுவரை ஸ்காட்லாந்தில் காணாமல் போனவர்களின் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்த காவலர்கள், நூறு மைலுக்கு அப்பால், எல்லைக்குத் தெற்கே திரும்பிப் பார்த்தார்கள். லாங்கஸ்டரில் ஒரு வீட்டிலிருந்து இரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் காணாமல் போயிருந்தார்கள். நகர மண்டபத்துக்கு எதிரே, டால்டன் சதுக்கம், 2ஆம் எண். மருத்துவர் பக் ரக்ஸ்டனின் வீடு. அந்த வீட்டுக்கும் அந்த ஞாயிறு சண்டே கிராஃபிக் போடப்பட்டிருந்தது.

ரக்ஸ்டன் ஆங்கிலேயர் அல்ல. 1899இல் பம்பாயில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தவர். இயற்பெயர் புக்தியார் ருஸ்தம்ஜி ரத்தன்ஜி ஹக்கீம். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து, ஈராக்கில் பணிபுரிந்து, பிரிட்டனுக்கு வந்தார். எடின்பரோவில் எஃப்.ஆர்.சி.எஸ். தேர்வு எழுதித் தோற்றார். பெயரைச் சட்டப்படி மாற்றிக்கொண்டு 1930இல் லாங்கஸ்டரில் மருத்துவமனை வைத்தார். பணம் இல்லாத நோயாளியிடம் கட்டணம் கேட்காதவர் என்று ஊரில் நல்ல பெயர். அவர் அறுவை மருத்துவராக முடியாமல் திரும்பிய அதே எடின்பரோவில்தான் இப்போது அவருடைய கத்தி வேலையை பேராசிரியர்கள் துண்டு துண்டாக மதிப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

எடின்பரோவில் ஒரு சிற்றுண்டிச்சாலையை நிர்வகித்துவந்த இசபெல்லாவோடு அவர் குடும்பம் நடத்தினார். சட்டப்படித் திருமணம் ஆகவில்லை, ஆனால் ஊருக்கு அவர் 'மிஸஸ் ரக்ஸ்டன்'. மூன்று குழந்தைகள். ரக்ஸ்டனுக்கு மனைவி மீது ஓயாத சந்தேகம். அடித்தார், மிரட்டினார், பிறகு அழுது சமாதானம் செய்தார். இசபெல்லா காவல் நிலையத்துக்குப் போனதும் உண்டு. அன்றைய காவலர்கள் இதைக் குடும்ப விவகாரம் என்று அனுப்பிவிட்டார்கள். இந்த ஒரு விஷயத்தில் 1935இன் லாங்கஸ்டருக்கும் நமக்கும் இடையே பெரிய தூரம் இல்லை.

குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு தங்கியிருந்த பெண் மேரி ஜேன் ராஜர்சன். வயது 20.

செப்டம்பர் 14, சனிக்கிழமை. இசபெல்லா காரை எடுத்துக்கொண்டு பிளாக்பூல் போய், சகோதரிகளோடு அந்த ஊர் விளக்கலங்காரத்தைப் பார்த்துவிட்டு இரவு பதினொன்றரை மணிக்குப் புறப்பட்டார். வீடு வந்து சேர்ந்தார் என்பது கார் வந்ததிலிருந்து தெரியும். அதன் பிறகு அவரையோ மேரியையோ யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் அதிகாலையில் ரக்ஸ்டன் தம் வீட்டு வேலைக்கார அம்மாள் வீட்டுக்குப் போய், இன்று வர வேண்டாம் என்றார். கையில் பெரிய வெட்டுக்காயம். குழந்தைகளுக்குப் பழ டின் திறந்தபோது கிழித்துவிட்டது என்றார். மாலையில் ஒரு நோயாளிப் பெண்ணை அழைத்துவந்து, வர்ணம் பூச ஆட்கள் வருகிறார்கள் என்று சொல்லி மாடிப்படியையும் குளியலறையையும் கழுவச் சொன்னார். கறைபடிந்த கம்பளங்களையும் தம்முடைய கோட்டு சூட்டையும் அந்தப் பெண்ணுக்கே கொடுத்தார். மறுநாள் ஓடிவந்து, சூட்டில் இருக்கும் பெயர்ச்சீட்டை வெட்டி எடுத்துவிடச் சொன்னார். இரத்தக்கறை படிந்த ஒன்றைத் தானம் செய்துவிட்டுப் பெயரை மட்டும் திரும்பக் கேட்பவரை என்னவென்று சொல்வது!

17ஆம் தேதி, செவ்வாய். லாங்கஸ்டருக்கு வடக்கே கெண்டலில் ஒரு வாடகைக் கார் சைக்கிள்காரர் ஒருவரைத் தட்டிவிட்டு நிற்காமல் போனது. அவர் எண்ணைக் குறித்துக் காவலரிடம் சொல்ல, தெற்கு நோக்கி வந்துகொண்டிருந்த காரை மில்ன்தார்ப்பில் நிறுத்தினார்கள். ஓட்டியவர் ரக்ஸ்டன். ஸ்காட்லாந்து போகும் சாலையில், அந்த நாலைந்து நாட்களுக்குள், அவர் இருந்ததற்கு ஒரு காவல் துறைப் பதிவு உருவாகிவிட்டது.

மனைவியும் மேரியும் எங்கே என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு கதை. மேரி கர்ப்பமாகிவிட்டாள், அதை மறைக்க இசபெல்லா அவளை அழைத்துப் போயிருக்கிறாள் என்று மேரியின் பெற்றோரிடமே சொன்னார். அவர்கள் நம்பவில்லை, காவல் நிலையம் போனார்கள். மொஃபட்டில் கிடைத்தவை ஒரு ஆணும் பெண்ணும் என்று செய்தி வந்தபோது ரக்ஸ்டன் வேலைக்கார அம்மாளிடம் அதை வாசித்துக் காட்டி, நம் இருவர் இல்லை பார்த்தீர்களா என்று சிரித்தாராம். அக்டோபர் 13 காலையில் கைதானார்.

சந்தேகம் இருந்தது, சூழ்நிலை இருந்தது. ஆனால் ஓடையில் கிடைத்தவர்கள் அந்த இருவர்தான் என்று யார் சொல்வது? அதைச் சொல்ல முடியாதபடி செய்வதற்காகத்தானே அவ்வளவு வேலையும் நடந்திருந்தது. முகத்தோல், காது, மூக்கு, உதடு எல்லாம் அகற்றப்பட்டிருந்தன. பற்கள் பிடுங்கப்பட்டிருந்தன. கிளைஸ்டரும் பிராஷும் இங்கேதான் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். உடலில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதை விட்டு, என்ன இல்லை என்று ஒரு பட்டியல் எழுதினார்கள். அதன் பக்கத்தில், காணாமல் போன இரு பெண்களின் அங்க அடையாளங்களை உறவினரிடம் கேட்டு எழுதினார்கள்.

மேரிக்கு ஒரு கண்ணில் மாறுகண் உண்டு. எண் 1இன் தலையில் கண்கள் இல்லை. மேரியின் முகத்தில் புள்ளிகள் உண்டு, எண் 1க்கு முகத்தோலே இல்லை. மேரியின் வலது கையில் சிவந்த மச்சம் இருந்த இடத்தில் எண் 1இன் தோல் சீவப்பட்டிருந்தது. மேரியின் கட்டைவிரலில் பழைய தழும்பு, அந்த இடத்துச் சதையும் சீவப்பட்டிருந்தது. இசபெல்லாவின் கால்கள் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை ஒரே பருமன். எண் 2இன் கால்களில் சதை வழித்தெடுக்கப்பட்டிருந்தது. இசபெல்லாவுக்குப் பெருவிரல் மூட்டில் எலும்பு புடைத்திருந்தது. எண் 2இல் சரியாக அந்த இடம் வெட்டப்பட்டிருந்தது. இசபெல்லாவின் நகங்கள் தனிப்பாங்காகச் சீர்செய்யப்பட்டவை, எண் 2இன் விரல்நுனிகள் இல்லை.

வழியில் போகும் கொலையாளிக்கு இறந்தவரின் மச்சம் எங்கே இருக்கிறது என்று தெரியாது. தெரிந்தாலும் அதை மட்டும் குறிபார்த்து எடுக்கத் தோன்றாது. எதை வைத்து ஒருவரை அடையாளம் காண்பார்கள் என்று பயின்ற மருத்துவர், அந்த இருவரையும் வீட்டுக்குள் வைத்துப் பார்த்த மருத்துவர், அவருக்குத்தான் இந்தப் பட்டியல் மனப்பாடமாக இருக்கும். அவர் அழித்த ஒவ்வொரு அடையாளமும் அவர் பக்கமே விரல் நீட்டியது.

அடுத்தது பிராஷின் தனி முத்திரை. கிடைத்த பாதங்களை ஜெலட்டின் கலவையில் வார்த்து, வளைந்துகொடுக்கும் மாதிரிகள் செய்தார். மேரியின் செருப்புக்குள் எண் 1இன் பாதம் கச்சிதமாகப் போனது, இசபெல்லாவின் செருப்புக்குள் எண் 2இன் பாதம் போனது. மாற்றிப் போட்டால் சேரவில்லை.

பிறகு மண்டையோடுகள். நம் செய்தித்தாள்களில் 'மண்டை ஓடு சூப்பர் இம்போசிஷன் சோதனைக்கு அனுப்பி வைக்கப்பட்டது' என்ற வரியைப் படிக்காதவர்கள் குறைவு. பிரிட்டிஷ் நீதிமன்றத்துக்கு அந்த முறையைக் கொண்டுவந்தது இந்த வழக்குதான். வேலை எளிதல்ல. இறந்தவரின் புகைப்படம் எந்தக் கோணத்தில் எடுக்கப்பட்டதோ அதே கோணத்தில் மண்டையோட்டைத் திருப்பி நிறுத்திப் படமெடுக்க வேண்டும். புகைப்படத்தை ஆளின் உண்மையான அளவுக்குப் பெரிதாக்க வேண்டும், இல்லாவிட்டால் எந்த முகமும் எந்த ஓட்டிலும் ஏறிவிடும். அந்த அளவை எங்கிருந்து எடுப்பது? இசபெல்லா தலையில் ஒரு அலங்காரக் கிரீடம் சூடி ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்ட படம் ஒன்று இருந்தது. அந்தக் கிரீடமும் கிடைத்தது. அதை அளந்தார்கள், படத்தில் உள்ள கிரீடத்தை அதே அளவுக்கு வரும்வரை பெரிதாக்கினார்கள், முகமும் உண்மை அளவுக்கு வந்துவிட்டது. மேலே முகத்தின் கோட்டுருவம், கீழே மண்டையோட்டின் கோட்டுருவம். நெற்றி, கண்குழி, மூக்கடி, தாடை எல்லாம் பொருந்தின. மேரியின் படத்துக்கும் எண் 1இன் ஓட்டுக்கும் இதே வேலை நடந்தது. ஆள் மாற்றி வைத்துப் பார்த்தபோது இரண்டுமே பொருந்தவில்லை.

இன்று அந்தப் படத்தைப் பார்ப்பவர்கள் சிலிர்த்துப்போகிறார்கள். கிரீடம் அணிந்து புன்னகைக்கும் பெண்ணின் முகத்துக்குள்ளிருந்து ஓடு எட்டிப்பார்க்கிறது. குற்றவியல் நூல்கள் எல்லாம் இதை அட்டையில் போடாத குறையாகக் கொண்டாடுகின்றன. ஆனால் பிராஷ் நீதிமன்றத்தில் இதற்குக் கொடுத்த எடை மிகக் கொஞ்சம். பொருந்துவதால் இவர் அவரேதான் என்று சொல்ல முடியாது, பொருந்தாவிட்டால் இவர் அவரல்ல என்று சொல்லலாம். அந்த அளவுக்குத்தான் அவர் போனார். படத்தின் கவர்ச்சிக்கும் சான்றின் வலுவுக்கும் சம்பந்தமில்லை என்பதை அதைத் தயாரித்தவரே அறிந்திருந்தார். பின்னால் வந்த எல்லா நிபுணர்களுக்கும் இந்த அடக்கம் இருந்ததாகச் சொல்ல முடியாது.

உண்மையில் வழக்கைத் தாங்கிய சான்று இவ்வளவு கண்ணைக் கவருவது அல்ல. அது ஒரு கை.

எண் 2இன் விரல்நுனிகளை வெட்டியெடுத்த ரக்ஸ்டன், எண் 1இன் கைகளை அப்படியே விட்டுவிட்டார். ஏன் என்பதற்கு ஊகம்தான் உண்டு. நேரம் போதாமல் இருக்கலாம், கையில் காயத்தோடு களைத்திருக்கலாம். எனக்கு இன்னொன்று தோன்றுகிறது. மனைவியைத்தான் உலகம் தேடும், பணிப்பெண்ணின் விரலை யார் பார்க்கப்போகிறார்கள் என்ற அலட்சியமாகவும் இருக்கலாம்.

கிளாஸ்கோ காவல் துறையின் கைரேகைப் பிரிவைச் சேர்ந்த பெர்ட்டி ஹாமண்ட் அந்தக் கைகளை எடுத்துக்கொண்டார். நீரில் ஊறி அழுகத் தொடங்கிய கை. ஒரு கையின் விரல்களில் மேல்தோல் கையுறைபோல் கழன்றுவந்தது. மேல்தோல் முற்றிலும் போய்விட்ட விரல்களும் இருந்தன. அங்கே அவர் உட்தோலிலிருந்து ரேகை எடுத்தார். மேல்தோலின் வரிகளுக்கு அச்சு உட்தோலில் இருக்கிறது, மங்கலாக, ஆனால் அதே வடிவில். இதை நீதிமன்றம் ஏற்குமா என்பது அன்று உறுதியில்லை.

மேரி குற்றவாளி அல்லள். அவளுடைய ரேகை எந்தக் காவல் நிலையப் பதிவிலும் கிடையாது. எதோடு ஒப்பிடுவது? ஹாமண்ட் லாங்கஸ்டருக்குப் போய், டால்டன் சதுக்க வீட்டை நாட்கணக்கில் அலசினார். கழுவப்பட்ட படிகளிலும் குளியலறையிலும் அல்ல, யாரும் கழுவ நினைக்காத பொருள்களில், கண்ணாடிக் குப்பியிலும் பாத்திரங்களிலும், ஒரே பெண்ணின் விரல்களும் உள்ளங்கையும் திரும்பத் திரும்பக் கிடைத்தன. துடைத்து, எடுத்து, வைத்து, ஒரு பணிப்பெண்ணின் அன்றாட வேலை விட்டுச்சென்ற ரேகைகள். அவை ஓடையில் கிடைத்த கையின் ரேகைகளோடு ஒத்துப்போயின.

எண் 1 அந்த வீட்டில் வேலை செய்தவள் என்று ஆகிவிட்டது. அப்படியானால், ஒரே ஓடையில், ஒரே மூட்டைகளில், ஒரே கத்தியால் பிரிக்கப்பட்டு அவளோடு கிடந்த நடுவயதுப் பெண் யார் என்ற கேள்விக்கு எத்தனை விடைகள் இருக்க முடியும்? விரல்நுனி இல்லாத இசபெல்லாவை அடையாளம் காட்டியது மேரியின் விரல்கள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். மூட்டையில் இருந்த ஒரு ரவிக்கையின் அக்குளில் தைத்திருந்த ஒட்டுத்துணியை மேரியின் சிற்றன்னை தாம் போட்ட ஒட்டு என்று அடையாளம் சொன்னார். ஒரு தலையைச் சுற்றியிருந்த குழந்தை உடுப்பின் எலாஸ்டிக்கில் இருந்த முடிச்சு, அதை முன்பு ரக்ஸ்டன் குழந்தைகளுக்குக் கொடுத்த பெண் தாம் போட்டது என்றார். சுற்றியிருந்த படுக்கை விரிப்பை மான்செஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரியின் ஜவுளிப் பேராசிரியர் பார்விக் பார்த்தார். ரக்ஸ்டன் வீட்டுக் கட்டிலில் எஞ்சியிருந்த விரிப்பின் கரையில் ஒரு நெசவுப் பிசகு, இதிலும் அதே பிசகு, ஆகவே இரண்டும் ஒரே தறியில் நெய்தவை. கிளைஸ்டர் குளியல் தொட்டியையும் அதைச் சுற்றிய பலகைகளையும் பெயர்த்தெடுத்து கிளாஸ்கோவுக்குக் கொண்டுபோனார். மாடிப்படிகளிலும் கம்பளத்திலும் இருந்த கறை மனித இரத்தம் என்று சோதனையில் தெரிந்தது. அந்தத் தொட்டி பிறகு லாங்கஷையர் காவல் துறையின் குதிரைகளுக்குத் தண்ணீர்த் தொட்டியாகப் பல ஆண்டுகள் பயன்பட்டது. அரசு எதையும் வீணாக்குவதில்லை.

1936 மார்ச் 2 அன்று மான்செஸ்டரில் நீதிபதி சிங்கிள்டன் முன்னால் விசாரணை தொடங்கியது. குற்றச்சாட்டு இசபெல்லாவின் கொலைக்கு மட்டும். ரக்ஸ்டனுக்காக வாதாடியவர் அன்றைய இங்கிலாந்தின் மிகச் சிறந்த வழக்கறிஞர்களில் ஒருவரான நார்மன் பிர்க்கெட். அவர் அறிவியலோடு நேராக மோதவில்லை. ஓடையில் கிடைத்தவர்கள் இவர்கள்தான் என்பது நிறுவப்படவில்லை என்பதே அவர் நிலைப்பாடு. வீட்டில் இருந்த இரத்தம் கையில் பட்ட காயத்திலிருந்தும் மருத்துவத் தொழிலிலிருந்தும் வந்தது என்றார்கள். தம் தரப்பில் அவர் கூண்டில் ஏற்றிய ஒரே சாட்சி ரக்ஸ்டன். அது உதவவில்லை. அழுதும் ஆத்திரப்பட்டும் அவர் சொன்ன பதில்கள் ஜூரிகளை அவரிடமிருந்து விலக்கின.

11 நாள் விசாரணைக்குப் பிறகு ஜூரிகள் எடுத்துக்கொண்டது ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். தூக்கு. மேல்முறையீடு தள்ளுபடியானது. அவருக்குக் கருணை கேட்டு 10,000 பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள், நல்ல மருத்துவர் என்ற பெயர் அவ்வளவு ஆழமாக இருந்தது. 1936 மே 12 அன்று மான்செஸ்டரின் ஸ்ட்ரேஞ்ச்வேஸ் சிறையில் தண்டனை நிறைவேறியது.

அதன் பிறகு 'நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்' அவர் கைப்பட எழுதிய ஒப்புதலை வெளியிட்டது. கைதான மறுநாளே, அக்டோபர் 14 தேதியிட்டு எழுதிவைத்தது அது. ஆத்திரத்தில் மனைவியைக் கொன்றதாகவும், மேரி அங்கே இருந்ததால் அவளையும் கொல்ல வேண்டியதாயிற்று என்றும் சில வரிகள். இந்த வழக்கில் ஆய்வுக்கூடத்தால் எட்ட முடியாத இடம் ஒன்று உண்டு என்றால் அது இதுதான். எண் 2இன் நாவடி எலும்பு உடைந்திருந்ததால் இசபெல்லாவின் கழுத்து நெரிக்கப்பட்டது என்று சொல்ல முடிந்தது. மேரியின் மண்டையில் அடிபட்ட காயங்கள் இருந்தன, ஆனால் நடுவுடல் கிடைக்காததால் அவள் சாவுக்கு எது காரணம் என்று எந்த நிபுணரும் உறுதியாகச் சொல்லவில்லை. அவளைக் கொன்றதற்காக யாரும் விசாரிக்கப்படவும் இல்லை.

கிளைஸ்டரும் பிராஷும் 1937இல் இந்த வழக்கின் மருத்துவ விவரங்களைத் தனி நூலாக வெளியிட்டார்கள். படங்கள், அளவுகள், பொருந்தாதவை உட்பட எல்லாம் அதில் உண்டு. அந்த நூலைக் கையில் வைத்துக்கொண்டுதான் உலகெங்கும் மண்டையோட்டையும் புகைப்படத்தையும் பொருத்தும் வேலை நடந்தது. 1985இல் பிரேசிலில் தோண்டியெடுக்கப்பட்ட எலும்புக்கூடு நாஜி மருத்துவர் மெங்கலேயுடையதா என்று பார்க்க, ஜெர்மானியரான ரிச்சர்ட் ஹெல்மர் வீடியோ கேமராக்களை வைத்து இதே வேலையைச் செய்தார். 1992இல் டி.என்.ஏ. சோதனை அதை உறுதிசெய்தது.

தமிழ்நாட்டில் இந்த முறையின் பெயரைப் பாமர வாசகர்வரை கொண்டுபோன வழக்குகளில் ஒன்று 1996இல் நடந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு காணாமல் போனார். சென்னை மந்தைவெளியில் ஒரு நகரப் பேருந்தில் தலையில்லாத உடல் கிடைத்தது. தனியாகக் கிடைத்த மண்டையோட்டுக்கு சூப்பர் இம்போசிஷன், உடலுக்கு டி.என்.ஏ. என இரண்டு தலைமுறை அறிவியலும் ஒரே வழக்கில் சந்தித்தன. குற்றம் சாட்டப்பட்டவரைக் கீழ் நீதிமன்றம் தண்டித்தது, உயர் நீதிமன்றம் விடுவித்தது, 2011இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை மீட்டது. நடுவில் அந்த மண்டையோட்டுச் சான்று எப்படியெல்லாம் குறுக்கு விசாரணைக்கு உள்ளானது என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)